ரொட்டிக் கடை வாசலில் கரப்பான்

அத்தியாயம் 17

அடுப்பு வந்து இன்றோடு ஐந்து நாள் ஆகிறது. வாசல் வழியாக நுழைய மாட்டேன் என்று அடம் பிடித்து, ஜன்னல் சட்டத்தைக் கழற்ற வைத்து, வீட்டில் இருந்த அத்தனை பேரையும் மூச்சு வாங்கத் தள்ள வைத்து, கடைசியில் நாத்தனாரின் புதுக் கடைக்குள் அது ராஜா மாதிரி உட்கார்ந்துகொண்டது.

பள்ளி அலுவலகத்தில் பதினெட்டு வருஷம் பார்த்த வேலையை உதறிவிட்டு, அந்த அடுப்பை நம்பித்தான் நாத்தனார் இறங்கியிருக்கிறார். ரொட்டி நன்றாக வருகிறது. சாப்பிடத்தான் ஆள் வேண்டும். ஊரிலேயே பெரிய ஹோட்டல் ஒன்று ரொட்டிக்குப் புதுக் கடை தேடுகிறது என்று தெரிந்ததும் மாதிரி கொண்டுபோய்க் கொடுத்தார். ஹோட்டல் செஃப் சாப்பிட்டுப் பார்த்துத் தலையை ஆட்டினார். இனி முதலாளிகள் முடிவு செய்ய வேண்டும். அவர்கள் ருசி பார்க்க மாட்டார்கள், வெப்சைட் பார்ப்பார்கள்.

அந்த வெப்சைட்தான் நம் ஒயரின் பொறுப்பு.

ஒயர் என்பது அவளுக்கு இந்த வீடு வைத்த பெயர். கல்யாணமாகி வந்த அன்று இரண்டு பெட்டி கொண்டுவந்தாள். ஒன்றில் துணிமணி, மற்றொன்றில் முழுக்க ஒயர். "இது மருமகளா, மின்சார வாரியமா?" என்று அன்றைக்குக் கேட்டவர் நாத்தனார்தான். பெயர் ஒட்டிக்கொண்டது. அந்தப் பெட்டியில் இருந்தவற்றைக் கொண்டு மாடிப்படிக்குக் கீழே இருந்த அலமாரியில் ஒரு சின்ன சர்வரை அவள் நிறுவினாள். பூச்சி மருந்து அடிக்கும் தொழில் செய்கிற கணவருக்கு முதல் வெப்சைட். நீச்சல் வகுப்பு நடத்துகிற மாமியாருக்கு இரண்டாவது. ஐந்து நாளைக்கு முன்பு நாத்தனாருக்கு மூன்றாவது.

இன்று காலை ஒன்பதே முக்காலுக்கு வாசல் கதவு திறந்த வேகத்திலேயே வருவது யார் என்று ஒயருக்குத் தெரிந்துவிட்டது.

"ஒயரு, இங்க பாரு."

நாத்தனாருக்கு முழங்கை வரை மாவு. நீட்டிய கைபேசியின் திரையில் ஒரு கரப்பான் பூச்சி, மீசை இரண்டும் திரைக்கு வெளியே போகிற மாதிரி, முழு அகலத்துக்கு நின்றது. அதன் கீழே பெரிய எழுத்தில்: 'உங்கள் சமையலறையில் உங்களைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்?'

"இது உங்க தம்பி சைட் ஆச்சே, அண்ணி."

"மேல என்ன அட்ரஸ் இருக்குன்னு படி."

படித்தாள். ரொட்டிக் கடையின் முகவரிதான்.

"இந்த அட்ரஸைத்தான் நேத்து சாயங்காலம் ஹோட்டலுக்கு அனுப்பினேன். இன்னிக்குப் பன்னெண்டு மணிக்கு மீட்டிங். மூணு கடை சைட்டையும் திறந்து வெச்சுப் பாக்கப் போறாங்க. ஒரு கடையில கேக்கு, ஒரு கடையில பன்னு, என் கடையில கரப்பான்."

ஒயர் தன் கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினாள். அதே முகவரி. அதில் பொன்னிறத்தில் நாலு ரொட்டி, பின்னால் பளபளவென்று அந்த அடுப்பு, ஓரத்தில் நாத்தனார் சிரித்துக்கொண்டிருந்தார். அடுப்பு விற்றவரின் கடையிலேயே சுட்டுப் பார்த்தபோது எடுத்த படம்.

"எனக்குச் சரியாத்தான் தெரியுது."

"உனக்குத் தெரிஞ்சு என்ன பண்ண? நீயா ரொட்டி வாங்கப் போற?"

இரண்டு திரையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒரே முகவரி. ஒன்றில் ரொட்டி, ஒன்றில் பூச்சி. வெட்கத்தை விட்டுச் சொல்ல வேண்டுமானால், ஒயருக்கு ஒரு சின்ன உற்சாகம் எட்டிப் பார்த்தது. இப்படி ஒரு முடிச்சைப் பார்த்தால் அவளுக்கு உட்கார்ந்து அவிழ்க்காமல் இருக்க முடியாது.

"ஒரு தடவை ரெஃப்ரெஷ் பண்ணுங்க, அண்ணி."

"வர்ற வழியில ஏழு தடவை பண்ணிட்டேன். ஒவ்வொரு தடவையும் அது என்னைப் பாத்து மீசையை ஆட்டுது."

அந்தப் படம் ஆடாது. ஆனால் அதைச் சொல்கிற நேரம் இது இல்லை என்று ஒயருக்குத் தெரியும்.

நாத்தனார் குரலைத் தாழ்த்தினார். அவர் கத்தினால் பயப்பட வேண்டியதில்லை, தாழ்த்தினால்தான் விவகாரம். "ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. உன் புருஷன் சைட்டைத்தானே முதல்ல வெச்சிருக்க?"

"ஆமா. முதல்ல பண்ணினது அதுதானே, அதனால..."

"அதான் பாத்தேன்."

அவ்வளவுதான் சொன்னார். அது நாலு பக்கம் திட்டுவதைவிட நன்றாக வேலை செய்தது.

அந்த நேரத்தில் மாமியார் உள்ளே வந்தார். காலை வகுப்பு முடிந்து, ஈரத் தலையில் துண்டு, கழுத்தில் நீச்சல் கண்ணாடி. அறுபத்தொரு வயது. குளத்தில் முப்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் அலறினாலும் குரலை உயர்த்தாதவர்.

"ரெண்டு பேரும் முதல்ல மூச்சை வெளிய விடுங்க. அப்புறம் சொல்லுங்க, என்ன?"

சொன்னார்கள். மாமியார் கரப்பானைப் பார்த்தார், ரொட்டியைப் பார்த்தார்.

"படம் நல்லா எடுத்திருக்கான்," என்றார் கரப்பானைக் காட்டி.

"அம்மா."

"சரி சரி. பன்னெண்டுக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு. பதினோரு மணிக்கு என் புது வகுப்புக்குப் பேர் பதியறது ஆரம்பம், ஞாபகம் இருக்கட்டும். அதுல கை வெச்சுடாத, ஒயரு. போன தடவை தாய்மார்கள் என்னைக் குளத்துல தள்ளப் பாத்தாங்க."

ஒயர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நாத்தனார் பின்னால் நின்றார். மாவு கொட்டிக்கொண்டே இருந்தது.

முதலில் வழி சரியா என்று பார்க்க வேண்டும். வெப்சைட்டின் பெயரைச் சொன்னால் அது எந்த எண்ணில் இருக்கிறது என்று சொல்ல ஊருக்கெல்லாம் பொதுவாக ஒரு பெரிய பட்டியல் உண்டு. அந்தப் பட்டியலை நேராகக் கேட்டாள். இந்த வீட்டின் எண்ணைச் சரியாகச் சொன்னது.

"வழி தப்பில்ல, அண்ணி. வர்றவங்க நம்ம வீட்டுக்குத்தான் வர்றாங்க."

"வந்து?"

"ஒரு அடுக்குமாடிக் கட்டடம்னு வெச்சுக்கோங்க. கேட் ஒண்ணுதான். உள்ள மூணு வீடு. கேட்ல ஒரு வாட்ச்மேன், கையில ஒரு நோட்டு. வர்ற ஆள் 'இன்னார் வீட்டுக்குப் போகணும்'னு பேரைச் சொல்லணும். வாட்ச்மேன் நோட்டைப் பாத்து, 'மூணாவது மாடி, போங்க'ம்பார். நம்ம சர்வர்தான் அந்த வாட்ச்மேன்."

"சரி."

"பேர் நோட்டுல இல்லன்னா என்ன பண்ணணும்?"

"அப்படி யாரும் இங்க இல்லைன்னு சொல்லணும்."

"அதான் இல்ல. இவருக்குத் தெரியாதுன்னு சொல்ல வராது. மரியாதையான ஆளு. பேர் இல்லன்னா, நோட்டுல முதல்ல எந்த வீடு இருக்கோ அங்க அனுப்பிடுவார்."

நாத்தனார் விரலை மடக்கி எண்ணினார். "முதல் வீடு தம்பி வீடு."

"ஆமா. முதல்ல வெச்சிருக்கிறது பெருமைக்கு இல்ல, அண்ணி. விலாசம் தெரியாம அலையறவங்க எல்லாம் வந்து விழற இடம் அது."

"அப்போ என் பேர் நோட்டுல இல்லையா?"

"இருக்கே. நானே எழுதினேன்." அதைச் சொல்லும்போது ஒயரின் குரலில் உறுதி கொஞ்சம் குறைந்திருந்தது.

உறுதிப்படுத்திக்கொள்ள ஒரு வழி இருந்தது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும், வந்து போனவர்கள் ஒரு வரி எழுதிவிட்டுப் போகிற மாதிரி ஒரு பதிவு உண்டு. ஒயர் கணவரின் பதிவைத் திரையின் இடது பக்கமும் ரொட்டிக் கடையின் பதிவை வலது பக்கமும் திறந்து வைத்தாள்.

"அத்தை, உங்க போன்ல அண்ணி கடை அட்ரஸைத் திறங்களேன்."

மாமியார் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி, கடைசியில் தட்டினார். இடது பக்கத்தில் ஒரு வரி விழுந்தது. வலது பக்கம் துடைத்து வைத்த மாதிரி காலியாக இருந்தது.

"எனக்கும் பூச்சிதான்," என்றார் மாமியார்.

ஒயர் வலது பக்கத்தையே பார்த்தாள். காலியாக இருப்பது இந்த ஒரு நிமிஷம் மட்டும் இல்லை. அங்கே ஐந்து நாளாக ஒரு வரிகூட விழவில்லை. அவள் தினமும் நாலு தடவையாவது அந்த ரொட்டிப் படத்தைத் திறந்து ரசித்திருக்கிறாள். அந்த வரிகளாவது இருக்க வேண்டுமே. எங்கே போயின?

சர்வரிடம் கேட்டாள்: உனக்குத் தெரிந்த பெயர்களை எல்லாம் சொல். இப்படிக் கேட்க ஒரு கட்டளை உண்டு. பதில் இரண்டே வரியில் வந்தது. பூச்சி மருந்து. நீச்சல்.

"மூணாவது எங்க?" என்றார் பின்னாலிருந்து நாத்தனார்.

இந்த சர்வரில் இரண்டு ஃபோல்டர் உண்டு. எழுதி முடித்த கோப்புகள் ஒன்றில் இருக்கும். அதில் எதை நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டுமோ அதற்கு மட்டும் மற்றதில் ஒரு இணைப்பு போட வேண்டும். வாட்ச்மேன் படிப்பது இரண்டாவதை மட்டும்தான். ரொட்டிக் கடைக் கோப்பு முதல் ஃபோல்டரில் அழகாக உட்கார்ந்திருந்தது. இரண்டாவதில் இல்லை.

ஒயருக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. அன்றைக்கு அந்தக் கோப்பை எழுதி முடித்து, இணைப்பு போடப் போன நொடியில்தான் தெருவில் லாரி ஹாரன் கேட்டது. "அடுப்பு வந்துடுச்சு, எல்லாரும் வாங்க." ஓடினாள். மூன்று மணி நேரம் தள்ளினாள். திரும்பி வந்து கம்ப்யூட்டரில் முகவரியைத் தட்டினாள். ரொட்டி வந்தது. முடிந்துவிட்டது என்று நினைத்துக் கால் வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்துவிட்டாள்.

அப்படியானால் அந்த ரொட்டி எங்கிருந்து வந்தது?

அவள் கண் மேசைக்குக் கீழே போனது. அங்கே பழைய லேப்டாப் ஒன்று மெல்ல முனகிக்கொண்டிருந்தது.

வெளியே விடுவதற்கு முன்பு எதையும் அவள் அந்த லேப்டாப்பில்தான் ஒத்திகை பார்ப்பாள். அதற்காகத் தன் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஒரு சின்னக் கோப்பில் ஒரு வரி எழுதி வைத்திருந்தாள்: ரொட்டிக் கடை என்றால் இந்த லேப்டாப்புக்குப் போ. எந்தப் பெயரைத் தட்டினாலும் கம்ப்யூட்டர் முதலில் அந்தச் சின்னக் கோப்பைப் புரட்டும். அதில் இல்லாவிட்டால்தான் ஊர்ப் பட்டியலைக் கேட்கப் போகும். ஐந்து நாளாக அவள் பார்த்துப் பூரித்ததெல்லாம் ஒத்திகை. உலகத்திலேயே அந்த ஒரு நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு மட்டும் தெரிகிற ரொட்டி.

நாத்தனாரும் அந்த வெப்சைட்டைப் பார்த்தது இந்த அறையில், இந்தத் திரையில்தான்.

லாரி வந்தது, அடுப்பு கனத்தது என்று சொல்லலாம். அதில் பொய் இல்லை. ஒயர் நாற்காலியைத் திருப்பினாள்.

"அண்ணி, தப்பு என்னோடது. உங்க பேரை நோட்டுல எழுதவே இல்ல. எழுதி மேசையில வெச்சுட்டு மறந்துட்டேன். வெளிய நின்னு எப்படித் தெரியுதுன்னு ஒரு தடவைகூட பாக்கல. என் நாற்காலியிலயே உக்காந்து பாத்து, நல்லா இருக்குன்னு நானே சொல்லிக்கிட்டேன்."

நாத்தனார் எதிர்பார்த்தது வேறு. சண்டைக்குத் தயாராக வந்தவருக்கு எதிரில் ஆள் இல்லாமல் போனால் கையை எங்கே வைப்பது என்று தெரியாது. முழங்கை மாவைத் தட்டினார்.

"மணி பத்தரை," என்றார். "அழறதா இருந்தா பன்னெண்டுக்கு அப்புறம் அழு. இப்ப பண்ணு."

பண்ணினாள். லேப்டாப்பிலிருந்து ரொட்டிப் பக்கங்களை எல்லாம் சர்வருக்கு நகல் எடுத்தாள். இணைப்பைப் போட்டாள். எழுதியதில் பிழை உண்டா என்று சர்வரையே படித்துப் பார்க்கச் சொன்னாள். இல்லை என்றது. ஆனால் இத்தோடு முடியாது. வாட்ச்மேன் நோட்டைப் படிப்பது வேலைக்கு வந்ததும் ஒரே ஒரு தடவைதான். பிறகு எதிரிலேயே புதுப் பக்கத்தை ஒட்டினாலும் திரும்பிப் பார்க்க மாட்டார். மறுபடி படியுங்கள் என்று சொல்ல வேண்டும்.

"அணைச்சுப் போட்டா முடிஞ்சுது இல்ல? போன் அப்படித்தானே சரியாகும்?" என்றார் நாத்தனார்.

"பதினோரு மணி ஆயிடுச்சு," என்று சமையலறையிலிருந்து மாமியாரின் குரல் வந்தது. "இருபத்தாறு தாய்மார்கள் பாதி ஃபாரத்துல இருக்காங்க."

"அணைக்க மாட்டேன், அத்தை. உள்ள பேசிட்டு இருக்கிறவங்க பேசி முடிக்கட்டும். புதுசா வர்றவங்களுக்கு மட்டும் புது நோட்டு. அப்படிச் சொல்லவும் ஒரு கட்டளை இருக்கு."

கட்டளையைத் தட்டினாள். நாத்தனார் தன் கைபேசியில் விரலை வைத்து இழுத்தார்.

கரப்பான் போய்விட்டது. ரொட்டியும் வரவில்லை. வெள்ளைத் திரையில் ஒரே ஒரு வரி: உள்ளே வர அனுமதி இல்லை.

"நல்லா இருக்கு," என்றார் நாத்தனார். "பூச்சியாவது துணைக்கு இருந்துச்சு."

ஒயரின் முகம் மலர்ந்தது. "இல்ல அண்ணி, இது நல்ல செய்தி. வாட்ச்மேன் இப்ப சரியான வீட்டுக்குத்தான் அனுப்பியிருக்கார். வீடு பூட்டியிருக்கு, அவ்வளவுதான்."

"பூட்டினது யாரு?"

"நான்தான்."

"இன்னிக்கு எல்லாத்துக்கும் நீதான்."

நகல் எடுத்தபோது அந்த ஃபோல்டர் அவள் பெயரில், அவள் மட்டும் திறக்கிற மாதிரி பதிவாகியிருந்தது. சர்வர் வேறு ஆள், அதற்குச் சாவி இல்லை. படிக்கிற உரிமையைக் கொடுத்தாள். நாத்தனார் மறுபடி விரலை இழுத்தார்.

நாலு ரொட்டி. பளபளக்கும் அடுப்பு. ஓரத்தில் சிரிக்கும் நாத்தனார்.

ஒயர் தன் கம்ப்யூட்டரில் இருந்த அந்த ஒற்றை வரியை அழித்தாள். லேப்டாப்பை அணைத்தாள். பிறகு தெருவுக்குப் போய், எதிர் வீட்டுத் தையல்காரரிடம் அவர் கைபேசியில் திறந்து பார்க்கச் சொன்னாள். அவர் பார்த்துவிட்டு, "ரொட்டி எப்ப கிடைக்கும்?" என்று கேட்டார். அதன் பிறகுதான் உள்ளே வந்தாள்.

நாத்தனார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முகம் தெளிந்திருக்கவில்லை.

"செஃப் நேத்தே திறந்து பாத்திருந்தா?"

சரி செய்தது இனி வருகிறவர்களுக்கு. வந்துவிட்டுப் போனவர் மனதில் இருப்பது கரப்பான்தான்.

"போன் பண்ணிக் கேட்டுடலாம்," என்றாள் ஒயர்.

"நான் பேச மாட்டேன். பேசினா அழுதுடுவேன், இல்ல திட்டிடுவேன். ரெண்டும் ரொட்டிக்கு நல்லது இல்ல."

"நான் பேசறேன். தப்பு பண்ணினது நான்தானே."

மணி பதினொன்று முப்பத்தைந்து. ஒயர் கைபேசியை ஸ்பீக்கரில் வைத்தாள். மறுமுனையில் பாத்திரங்களின் சத்தம், யாரோ யாரையோ விரட்டுகிற சத்தம், நடுவில் செஃப்பின் குரல்.

"யாரு?"

ஒயர் சொன்னாள். ரொட்டிக் கடையின் வெப்சைட்டைப் பார்த்துக்கொள்கிறவள், வீட்டு மருமகள், ஒரு தவறு நடந்துவிட்டது, கடைக்காரரின் தவறு இல்லை, தன்னுடையது. மூச்சு விடாமல் சொன்னாள்.

"அந்தக் கரப்பான் உங்க வேலையா?"

"என் வேலைதான் சார்."

"காலைல திறந்தேன். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுடுச்சு. ரொட்டிக்காரங்க ஏன் எனக்குக் கரப்பான் படம் அனுப்பறாங்க? எங்க ஸ்டோர் ரூம் சங்கதி வெளிய தெரிஞ்சுபோச்சா? மிரட்டறாங்களான்னு நினைச்சேன்."

ஒயருக்குச் சிரிப்பு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். "இல்ல சார். இப்ப திறந்து பாருங்க. சரி பண்ணியாச்சு."

தட்டுகிற சத்தம். பெருமூச்சு. "அதே கரப்பான்தான் நிக்குது."

நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டார்.

ஒயரின் விரல் மேசையில் தாளம் போட்டது. தையல்காரருக்குத் தெரிகிற ரொட்டி இவருக்கு ஏன் தெரியவில்லை? தையல்காரர் முதல் தடவை திறந்தார். நாத்தனார் ஒவ்வொரு தடவையும் ரெஃப்ரெஷ் செய்து பார்த்தார். இவர் காலையில் ஒரு தடவை திறந்துவிட்டார். கணவரின் பக்கம் வேகமாக வரட்டும் என்று, ஒரு தடவை பார்த்தவரின் கம்ப்யூட்டரே அதை ஒரு நாள் முழுக்கப் பத்திரமாக வைத்துக்கொள்ளட்டும் என்று எழுதியவள் அவள்தான்.

"சார், உங்க கம்ப்யூட்டர் காலைல பாத்ததையே எடுத்துக் காட்டுது. புதுசா வந்து கேக்கல. உங்க கைபேசியில திறங்களேன்."

"கைபேசியில நீங்க இருக்கீங்க."

"ஸ்பீக்கர்ல போட்டுட்டு..."

பாத்திரச் சத்தம் திடீரென்று பெரிதாகக் கேட்டது. பிறகு செஃப்பின் குரல் தூரத்திலிருந்து வந்தது.

"ஓ. அடுப்பு புதுசா?"

நாத்தனார் கண்ணைத் திறந்தார்.

"அஞ்சு நாள்தான் ஆச்சு சார். மீட்டிங்ல பெரிய திரையில காட்டறதா இருந்தா, அந்தக் கம்ப்யூட்டர்ல ப்ரைவேட் விண்டோவுல திறங்க. பழசைத் தேடாது."

"திறக்கறேன். ஒண்ணு சொல்லணும். அந்தக் கரப்பான் பக்கத்துல ஒரு நம்பர் இருந்துச்சு. கூப்பிட்டுட்டேன். அந்த ஆளு பன்னெண்டரைக்கு வந்து பாக்கறேன்னு சொல்லியிருக்கான். நல்ல ஆளா?"

ஒயர் நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் கையை விரித்தார்.

"நல்ல ஆளுதான் சார்," என்றாள். "குடும்பத்தோட தெரியும்."

பன்னிரண்டிலிருந்து ஒரு மணி வரை அந்த வீட்டில் யாரும் நேராக உட்காரவில்லை. இருபத்தாறு தாய்மார்களும் பெயர் பதிந்துவிட்டார்கள் என்று மாமியார் மூன்று தடவை வந்து சொன்னார். நாத்தனார் கடைக்குப் போனார், அடுத்த சுற்று மாவைப் பிசைந்து வைத்துவிட்டு அதே கையோடு திரும்பினார். ஒயர் கை சும்மா இருக்காமல் ஒரு நாலாவது வீடு கட்டினாள். பெயர் தெரியாமல் வருகிறவர்களை இனி அங்கே அனுப்பலாம். யாருடைய கடையும் இல்லை. வெறும் பக்கம், மூன்று கடைக்கும் ஒவ்வொரு பலகை, அவ்வளவுதான். அதை நோட்டில் முதலில் வைத்தாள்.

"அதுல என் பலகை எத்தனாவது?" என்றார் நாத்தனார்.

"நீங்களே சொல்லுங்க, அண்ணி."

"நடுவுல போடு. ரெண்டு பக்கமும் காவல் இருக்கட்டும்."

ஒன்று ஐந்துக்கு நாத்தனாரின் கைபேசி அடித்தது. இந்தத் தடவை அவரே எடுத்தார். "ம்" என்றார். "சரிங்க" என்றார். இன்னும் நாலு "ம்" சொன்னார். வைத்தார்.

"ஒரு வாரம் சோதனை. நாளைலேர்ந்து. காலைல ஆறு மணிக்கு நாப்பது ரொட்டி. ஆறு அஞ்சுக்குப் போனா திருப்பி அனுப்பிடுவாராம். முதல் நாளே ரொட்டி வரலைன்னா ரெண்டாவது கடைக்காரனைக் கூப்பிடச் சொல்லி முதலாளி உத்தரவாம்." பிறகுதான் அவருக்கே அது உறைத்தது. "கிடைச்சுடுச்சு, ஒயரு."

மாமியார் மகளின் தலையில் தன் ஈரத் துண்டைப் போட்டார். நாத்தனார் துண்டுக்கு உள்ளேயிருந்து சிரித்தார். ஐந்து நாளாக அந்தச் சத்தத்தை அந்த வீடு கேட்கவில்லை.

"இன்னிக்கே நாப்பதும் போட்டுப் பாத்துடறேன்," என்று எழுந்தார். "ஒயரு, நீயும் வா. தட்டு தூக்க ஆள் வேணும். தப்பு பண்ணினவங்களுக்குத் தண்டனை வேண்டாமா?"

கடையில் முதல் இரண்டு தட்டு அடுப்புக்குள் போன நேரம், ஒயரின் கைபேசி அடித்தது. கணவர்.

"நான் எங்க நிக்கிறேன்னு சொல்லு பாக்கலாம்."

"ஹோட்டல் சமையலறையில."

"எப்படித் தெரியும்?"

"பெரிய கதை. வீட்டுக்கு வந்ததும் சொல்றேன்."

"நானும் ஒரு கதை வெச்சிருக்கேன். ஸ்டோர் ரூம் சுவரைத் தட்டிப் பாத்தேன். பின்னாடி ஒரு ஊரே குடியிருக்கு. இவ்வளவு பெரிய வேலை எனக்கு வந்ததே இல்ல." குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "ராத்திரிக்குள்ள சமையலறையை மூடிட்டு மருந்து போட்டாதான் சரிப்படும். ரெண்டு நாள் ஒருத்தரும் உள்ள வரக் கூடாது. ஒரு துண்டு சாப்பாட்டுப் பொருள்கூட அந்தப் பக்கம் வரக் கூடாது. செஃப்கிட்ட இன்னும் சொல்லல. பத்து நிமிஷத்துல வர்றார், ஃபாரத்தை நீட்டி கையெழுத்து வாங்கிடுவேன்."

ஒயர் கடைக்குள் பார்த்தாள். நாத்தனார் அடுப்பின் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, ரொட்டி உப்பி எழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாளைக்குக் காலை ஆறு மணி. நாப்பது ரொட்டி.

"அது இருக்கட்டும்," என்றார் கணவர். "அக்கா ஆர்டர் என்னாச்சு? எந்த ஹோட்டல்னு என்கிட்ட சொல்லவே இல்லையே."

என்ன செய்யலாம் என்று அவளுக்கு மூன்று யோசனை வந்தது. மூன்றும் தன் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்த யோசனைகள் என்று உடனே பட்டது.

"ஏங்க, அந்த ஃபாரத்தை நீட்டறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் உங்க அக்காகிட்ட பேசுங்க," என்று சொல்லி, கைபேசியை நாத்தனாரின் மாவுக் கையில் வைத்தாள்.

"தம்பியா?" நாத்தனார் அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே சிரித்தார். "டேய், என் புண்ணியத்துல உனக்கு வேலை கிடைச்சுதாமே? நாளைக்கு ஆறு மணிக்கு நானும் அங்கதான் வர்றேன், நாப்பது ரொட்டியோட. கேட்ல நின்னு வழி காட்டு."

நாத்தனார் கைபேசியை மறு காதுக்கு மாற்றினார்.

"டேய்? லைன்ல இருக்கியா?"